யூரோவிஷன் பாட்டை யார் தேர்ந்தெடுக்க வேண்டும்: மக்களா, ஜூரியா, ஒளிபரப்பு நிறுவனமா?

நள்ளிரவு ரசிகன் (மதுரை)

எல்லாருக்கும் வணக்கம். யூரோவிஷன் பாட்டுத் தேர்வு சீசன் வந்துவிட்டது. மே மாதத்தில் ஒரு வாரம் மட்டும் பார்ப்பவர்களுக்கு யூரோவிஷன் ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கொரு பாட்டு அனுப்புகிற ஒரு போட்டி, அவ்வளவுதான். எனக்கு அது டிசம்பரில் அல்பேனியாவில் ஆரம்பித்து மார்ச் வரை ஓடுகிற பெரிய திருவிழா. ஒவ்வொரு நாடும் தன் பாட்டை எப்படிப் பொறுக்கி எடுக்கிறது, யாரிடம் கேட்கிறது, கேட்டுவிட்டு எதை அனுப்புகிறது என்பதில்தான் மொத்த சுவாரசியமும் இருக்கிறது. இறுதிப்போட்டியைவிட இதைத்தான் நான் விரும்பிப் பார்ப்பேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ஐரோப்பாவுக்கு எது பிடிக்கும்?" என்று ஊகித்துப் பாட்டு எடுக்கிற நாடு பெரும்பாலும் அடி வாங்குகிறது. தன் வீட்டில், தன் வானொலியில், தன் ஊர்க் கல்யாணத்தில் ஓடுகிற பாட்டை அனுப்புகிற நாடு ஜெயிக்கிறது. ஜெயிக்காவிட்டாலும் அந்தப் பாட்டு மனதில் நிற்கிறது.

இத்தாலியைப் பாருங்கள். அவர்களின் பாட்டுப் போட்டியான சான்ரெமோ விழா 1951-இல் தொடங்கியது, யூரோவிஷன் 1956-இல். சான்ரெமோவைப் பார்த்துத்தான் யூரோவிஷன் யோசனையே வந்தது. ஐந்து இரவுகள், மேடைக்கு முன்னால் முழு இசைக்குழு, நடுராத்திரி தாண்டியும் முடியாத நிகழ்ச்சி. அங்கே பாடுகிற யாரும் யூரோவிஷனை நினைத்துப் பாடுவதில்லை, இத்தாலியர்கள் கேட்கத்தான் பாடுகிறார்கள். சான்ரெமோவை ஜெயித்தவர் விரும்பினால் யூரோவிஷனுக்குப் போகலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். 2025-இல் ஓல்லி அப்படித்தான் விலகிக்கொண்டார். இரண்டாம் இடம் வந்த லூச்சியோ கோர்சி, அந்த வருட யூரோவிஷன் நடந்த பாசெல் நகரத்துக்குப் போனார். வெள்ளைச் சாயம் பூசிய முகத்தோடு வந்து நின்றார். பாட்டின் நடுவே ஹார்மோனிகாவை எடுத்து, பாடுகிற மைக்கிலேயே ஊதினார். வாத்திய இசை எல்லாம் பதிவு செய்துதான் வர வேண்டும் என்கிற போட்டியில், அந்தச் சில நொடி மட்டும் உண்மையான வாத்தியச் சத்தம்! ஐந்தாம் இடம் கிடைத்தது. இத்தாலி 2017 முதல் ஒருமுறைகூட முதல் பத்தை விட்டு வெளியே போகவில்லை. 2021-இல் மானெஸ்கின் என்கிற ராக் குழு ஜெயித்தே விட்டார்கள்.

இன்னொரு பக்கம் பிரிட்டன். 2021-இல் ரோட்டர்டாமில் ஜேம்ஸ் நியூமனுக்கு ஜூரியிடமிருந்தும் (ஒவ்வொரு நாட்டின் இசைத்துறை நடுவர்கள்) பூஜ்யம், மக்களிடமிருந்தும் பூஜ்யம். அந்தப் பாட்டை பி.பி.சி. உள்ளேயே முடிவு செய்தது. யாரையும் கேட்கவில்லை.

அதனால் நான் மக்கள் தேர்வின் பக்கம். நீங்கள் எந்தப் பக்கம்?

---

பேர்ண் வாசகி (சுவிஸ்)

அண்ணா, நல்ல இழை. ஆனால் நான் மற்றப் பக்கம். சுவிஸில் இருந்து பார்த்தால் ஏன் என்று விளங்கும்.

இங்கே முந்தித் தொலைக்காட்சியில் தேசிய இறுதிப்போட்டி வைத்து, சனம் வாக்குப் போட்டுத்தான் பாட்டைத் தெரிவு செய்தோம். 2015, 2016, 2017, 2018 என்று நாலு வருடமும் அரையிறுதியோடு வீட்டுக்கு வந்தோம். அடுத்த வருடமே அந்த முறையைத் தூக்கிப்போட்டார்கள். பொதுமக்களில் இருந்து 100 பேர் கொண்ட ஒரு குழு, அதோடு தங்கள் தங்கள் நாட்டு ஜூரியில் இருந்து அனுபவப்பட்ட 20 பேர் கொண்ட ஒரு சர்வதேசக் குழு. இரண்டு குழுவும் பாட்டுகளைக் கேட்டுப் புள்ளி போடுவார்கள். நேரடி ஒளிபரப்பும் இல்லை, கடைசி நிமிடக் குறுஞ்செய்தி வாக்கும் இல்லை. 2019-இல் லூக்கா ஹென்னி நாலாம் இடம். 2021-இல் ஜோன்ஸ் டியர்ஸ் மூன்றாம் இடம். 2024-இல் மால்மோவில் நெமோ 591 புள்ளியோடு முதலிடம். 1988-இல் செலின் டியோன் வென்ற பிறகு எங்களுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது.

நெதர்லாந்தும் இதே கதைதான். 2005 தொடக்கம் 2012 வரை எட்டு வருடம் அவர்கள் இறுதிக்கே வரவில்லை. 2013-இல் பாடகி அனூக்கை உள்தெரிவாக, அதாவது சனத்தைக் கேட்காமல் நிறுவனமே தெரிவு செய்து, அனுப்பினார்கள், ஒன்பதாம் இடம். அடுத்த வருடம் இரண்டாம் இடம். 2019-இல் டங்கன் லாரன்ஸ் வென்றார்.

நீங்கள் ஸ்பெயினையும் மறக்கக்கூடாது. 2022-இல் அவர்களின் தேசியத் தெரிவான பெனிடோர்ம் ஃபெஸ்ட் முதல்முறை நடந்தது. சனத்தின் வாக்கில் 70 சதவீதத்துக்கு மேல் போனது கலீசிய மொழியில் பாடிய தன்ஷுகெய்ராஸ் என்ற மூன்று பெண்களுக்கு. சானெல் என்ற பாடகிக்கு 4 சதவீதம்கூட இல்லை. ஆனால் பாதிப் பலம் ஜூரியிடம் இருந்தபடியால் சானெல் வென்றார். நாடே கொதித்தது, விசயம் பாராளுமன்றம் வரைக்கும் போனது. அந்தப் பிள்ளையை இணையத்தில் படுத்தாத பாடு படுத்தினார்கள். பிறகு என்ன நடந்தது? தூரினில் மூன்றாம் இடம், 459 புள்ளி. 1995-க்குப் பிறகு ஸ்பெயினுக்குக் கிடைத்த ஆகச் சிறந்த இடம். ஜூரி சொன்னது சரி, சனம் சொன்னது பிழை.

---

வடதுருவம் (ஒஸ்லோ)

வாசகி அக்கா சொல்கிற ஜூரியை எனக்கு மன்னிக்கவே ஏலாது. காரணம் 2019.

நோர்வேயில் எங்கள் தேசியத் தெரிவான மெலோடி கிராண்ட் பிரி என்றால் வீட்டில் எல்லாரும் இருந்து பார்க்கிற விசயம். அந்த வருடம் நாங்கள் அனுப்பினது கெய்னோ என்ற குழு. மூன்று பேர். அதில் ஒருவர் சாமி என்கிற வடக்குப் பழங்குடி இனத்தவர், பாட்டுக்கு நடுவில் யோய்க் என்கிற அவர்களின் பாரம்பரியப் பாடல் முறையில் பாடுவார். டெல் அவிவில் பார்வையாளர் வாக்கு வந்தபோது அவர்களுக்கு 291 புள்ளி. அத்தனை நாட்டிலும் சனம் அதிகம் விரும்பிய பாட்டு அதுதான். ஜூரி கொடுத்தது 40. கடைசியில் ஆறாம் இடம். ஒவ்வொரு நாட்டிலும் அப்போது ஐந்து பேர்தான் ஜூரி. அந்த ஐந்து பேரின் ரசனை, இலட்சக்கணக்கான சனத்தின் வாக்குக்குச் சமம் என்று சொன்னால் நான் எப்படி ஏற்றுக்கொள்வது?

ஆனால் சனத்தின் வாக்கை நம்புகிறவர்கள் அதை ஒழுங்காக எண்ணவும் வேண்டும். 2020-இல் திரொண்ட்ஹைமில் எங்கள் இறுதிப்போட்டியில் இணைய வாக்களிப்பு நடுவிலேயே பழுதாகிவிட்டது. அவசரத்துக்கு வைத்திருந்த மாற்று ஜூரியை வைத்து அடுத்த சுற்றுக்கு நாலு பேரை எடுத்தார்கள். வாக்குப் போட முயன்று முயன்று திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்களுக்குத்தான் அந்தக் கோபம் தெரியும். பிறகு கொரோனாவால் அந்த வருட யூரோவிஷனே நடக்கவில்லை, அதனால் விசயம் அப்படியே அமுங்கிப்போனது.

---

நள்ளிரவு ரசிகன் (மதுரை)

வாசகி, சானெல் விஷயத்தில் முடிவைப் பார்த்து "மக்கள் தவறு" என்று சொல்லிவிட முடியாது. தன்ஷுகெய்ராஸ் தூரினுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. கையில் தம்புரைனும் நாட்டுப்புறக் குரலுமாக வந்த பாட்டு அது. அதே வருடம் உக்ரைனின் நாட்டுப்புறக் குழலோசை பார்வையாளர்களிடம் 439 புள்ளி வாங்கியது. அதில் போர்ச் சூழலுக்குப் பெரிய பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் அந்த மேடையில் நாட்டுப்புற இசைக்கு இடமில்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

சுவிஸ் முறையைப் பற்றியும் ஒன்று. 2025-இல் உங்கள் சோயி மீ அழகான பாட்டோடு வந்தார், எனக்கு நிஜமாகவே பிடித்தது. ஜூரியிடம் 214 புள்ளி. மக்களிடம்? பூஜ்யம். உங்கள் சர்வதேசக் குழுவில் இருப்பவர்கள் ஜூரி அனுபவம் உள்ளவர்கள். அவர்கள் தேர்ந்தெடுக்கிற பாட்டு ஜூரிக்குப் பிடிப்பதில் ஆச்சரியம் இல்லை. வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற ஒருவர் போனை எடுத்து ஓட்டுப் போட வேண்டுமென்றால், பாட்டு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும். அது நேரடி மேடையில்தான் தெரியவரும்.

வடதுருவம் சொன்ன கெய்னோவை இன்றைக்கும் கேட்கிறேன். அந்த யோய்க் வரும் இடம், அடடா!

---

புதுப்பாட்டு (கோவை)

இழையை முழுசாகப் படித்தேன். நான் போன வருடம்தான் முதல்முறையாகப் பார்த்தேன், அதனால் சில கேள்விகள். இந்த ஜூரி, மக்கள் வாக்கு கணக்கெல்லாம் எப்படி? நாம் இந்தியாவில் இருந்து ஓட்டுப் போடலாமா? அப்புறம், இந்த மேடையில் நம்மாட்கள் யாராவது பாடியிருக்கிறார்களா?

---

ஹரோ தமிழ் (இலண்டன்)

புதுப்பாட்டு தம்பி, வாருங்கள்.

விதிகள் சுருக்கமாக: பாட்டு மூன்று நிமிடத்துக்குள். மேடையில் ஆறு பேருக்கு மேல் கூடாது. முந்தைய ஆண்டு செப்டம்பர் 1-க்கு முன்னால் வெளிவந்த பாட்டு செல்லாது. இதற்குள் எந்த நாடு எப்படித் தேர்ந்தெடுத்தாலும் அது அந்த நாட்டுப் பொது ஒளிபரப்பு நிறுவனத்தின் விருப்பம். இறுதிப்போட்டியில் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஜூரி ஒரு தொகுதி, மக்கள் ஒரு தொகுதி என்று 12, 10, 8 எனப் புள்ளிகள் போகும். 2023 முதல் போட்டியில் இல்லாத நாட்டுக்காரர்களும் இணையத்தில் ஓட்டுப் போடலாம். அதெல்லாம் சேர்ந்து "உலகின் மற்ற பகுதி" என்று ஒரே நாட்டின் கணக்காகச் சேரும். ஆகவே நீங்கள் கோவையிலிருந்து போடலாம். 2026-இல் வியன்னாவில் சில மாற்றங்கள் உண்டு: ஒருவர் 20 ஓட்டுக்குப் பதில் 10 ஓட்டுதான் போடலாம், அரையிறுதிக்கும் ஜூரி திரும்பி வருகிறது, ஜூரியில் ஐந்து பேருக்குப் பதில் ஏழு பேர்.

நம்மாட்கள் என்று கேட்டீர்கள். 2015-இல் ஆஸ்திரேலியா முதல்முறையாக வந்தபோது பாடிய கை செபாஸ்டியன் மலேசியாவின் கிள்ளானில் பிறந்தவர், தந்தை வழியில் இலங்கைத் தமிழ் வேர் உள்ளவர். ஐந்தாம் இடம் வந்தார். அதுவும் உள்தேர்வுதான், அந்நாட்டு ஒளிபரப்பு நிறுவனம் எஸ்.பி.எஸ். நேரடியாக அழைத்தது.

இனி எங்கள் ஊர்க் கதை. பிரிட்டனில் மக்கள் கடைசியாக ஓட்டுப் போட்டது 2019-இல். அனுப்பிய பாட்டு கடைசி இடம் வந்தது. அதைச் சாக்காக வைத்து மக்கள் வாக்கையே நிறுத்திவிட்டார்கள். பிறகு ரசிகன் சொன்ன அந்த இரட்டைப் பூஜ்யம். 2022-இல் மட்டும் ஒரு வெளிச்சம்: ஊரடங்கு நாட்களில் டிக்டாக்கில் பாடிப் பெயரெடுத்த சாம் ரைடரை அனுப்பினார்கள், 466 புள்ளி, இரண்டாம் இடம். அதையும் உள்ளேதான் தேர்ந்தெடுத்தார்கள், சரி. ஆனால் அவரை ஏற்கனவே மக்கள் கண்டெடுத்துவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். அதற்கப்புறம் 2023-இல் 26 பேரில் 25-ஆம் இடம். 2024-இலும் 2025-இலும் பார்வையாளர் வாக்கு பூஜ்யம். 2025-இல் பாடிய மூன்று பெண்களின் குரல் ஒத்திசைவு அவ்வளவு சுத்தம், ஜூரி 88 புள்ளி கொடுத்தது. தவறு அவர்களுடையது இல்லை. பாட்டுக்குள் நான்கு பாட்டைத் திணித்து, எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்று செய்ததில் யாருக்கும் முழுசாக எதுவும் கிடைக்கவில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பிரிட்டனில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புதுப்பாட்டு வெளிவருகிறது. உலகமே எங்கள் ஊர் இசையைக் கேட்கிறது. அந்த இசைக்கும் நாங்கள் மே மாதம் அனுப்புகிற பாட்டுக்கும் ஏன் இவ்வளவு தூரம்?

---

டோர்ட்முண்ட் குமரன் (ஜேர்மனி)

ஹரோ அண்ணை, அந்தத் தூரத்தை அளக்க வேண்டுமென்றால் ஜேர்மனிக்கு வாருங்கள்.

ரசிகன் கேட்கிற கேள்வியே பாதிதான் என்று எனக்குப் படுகிறது. யார் வாக்குப் போடுகிறார்கள் என்று எல்லாரும் கதைக்கிறோம். வாக்குக்கு வருகிற பாட்டுகளை யார் எடுத்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. 2022-இல் எலெக்ட்ரிக் கால்பாய் என்ற குழு தங்கள் பாட்டை அனுப்ப விரும்பியது. கனமான கிட்டார், எண்பதுகளின் உடற்பயிற்சி உடை, கேட்டவுடன் எழும்பி ஆட வைக்கிற பாட்டு. முன்தெரிவில் அதை எடுக்கவில்லை. இரசிகர்கள் மனுப் போட்டுக்கூடக் கேட்டார்கள். கிடைத்த பதில், வானொலியில் ஓடக்கூடிய பாட்டுகள்தான் வேண்டும் என்ற மாதிரி. இறுதியில் நின்ற ஆறு பேரில் சனம் ஒருவரைத் தெரிவு செய்தது. தூரினில் 6 புள்ளி, கடைசி இடம். பாடிய பெடியன் நல்ல பெடியன், உயிரைக் கொடுத்துத்தான் பாடினான். ஆனால் சனம் தெரிவு செய்தது என்று எப்படிச் சொல்வது? யாரோ சந்தைக்குப் போய் வாங்கிவந்த ஒரே மாதிரியான ஆறு மரக்கறியைக் காட்டி, "எதை வேண்டுமானாலும் சமை" என்று சொன்ன மாதிரி.

இதற்கு நேர் எதிர் 2010. தொலைக்காட்சி நட்சத்திரம் ஸ்டெஃபான் ராப் கிழமைக்கணக்காக ஒரு நிகழ்ச்சி நடத்தினார். ஆயிரக்கணக்கில் வந்தவர்களில் பள்ளி இறுதிப் பரீட்சை எழுதிக்கொண்டு இருந்த லேனா என்ற பிள்ளை சனத்துக்குப் பிடித்துப்போனது. பாட்டையும் சனம்தான் தெரிவு செய்தது. அந்தப் பிள்ளை ஒஸ்லோவுக்குப் போக முதலே நாடு முழுக்க எல்லாரும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். 246 புள்ளி, முதலிடம். ஒரு நாடே பின்னால் நின்றால் பாடுகிறவரின் முகத்திலேயே அது தெரியும்.

அப்புறம் 2015. ஹனோவரில் தேசிய இறுதி. அந்திரெயாஸ் க்யூமெர்ட், தாடி வைத்த ப்ளூஸ் பாடகர், பெரிய வித்தியாசத்தில் வென்றார். கடதாசித் துண்டுகள் பறக்கின்றன, அறிவிப்பாளர் பார்பரா ஷ்யோனெபெர்கர் வாழ்த்துச் சொல்லி ஒலிவாங்கியைக் கொடுக்கிறார். அவர் அமைதியாக, இதை ஏற்றுக்கொள்கிற நிலையில் தான் இல்லை, ஆன் சோஃபி போகட்டும் என்று சொல்கிறார். நேரடி ஒளிபரப்பில்! அறிவிப்பாளர் திரும்பிக் கேட்கிறார், மண்டபத்தில் கூச்சல் எழும்புகிறது, பக்கத்தில் நிற்கிற ஆன் சோஃபிக்குச் சந்தோசப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. தன்னைத் தெரிவு செய்யாத நாட்டுக்காக அவர் வியன்னாவுக்குப் போனார். பூஜ்யம் புள்ளி. அந்தப் பிள்ளையை நினைத்தால் எனக்கு இப்பவும் மனது கேட்காது. நாடு தெரிவு செய்யாத ஒருவரை அந்த மேடைக்கு அனுப்புவது அவருக்கே செய்கிற அநியாயம்.

---

நள்ளிரவு ரசிகன் (மதுரை)

குமரன், இந்த இழை தொடங்கியதற்கு உங்கள் பதிவே போதும். முன்தேர்வுதான் உண்மையான தேர்வு. பயம் வேலை செய்கிற இடமும் அதுதான். இது கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது, ஆபத்து, தள்ளு. இது வானொலிக்கு ஏற்றது, எடு. இப்படி எடுத்து எடுத்து, கடைசியில் மக்கள் முன்னால் வருவது எல்லாம் ஒரே நிறம்.

இதைச் சரியாகச் செய்கிற நாடு என்றால் எனக்கு ஃபின்லாந்துதான். அவர்களின் தேசியத் தேர்வான யூ.எம்.கே. போட்டியில் சமீப வருடங்களில் ஆறேழு பாட்டுகள்தான். ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது: ஒரு உலோக ராக், ஒரு டிஸ்கோ, ஒரு அமைதியான ஃபின்னிஷ் பாட்டு. ஒவ்வொன்றுக்கும் யூரோவிஷனில் பார்க்கிற அளவுக்கு மேடையமைப்பு. 75 சதவீதம் மக்கள் வாக்கு, 25 சதவீதம் சர்வதேச ஜூரி. 2023-இல் கேரியா அப்படித்தான் வந்தார். பச்சை நிறத்தில் பஃப் கை வைத்த பொலேரோ சட்டை, மரப்பெட்டிக்குள்ளிருந்து உடைத்துக்கொண்டு வெளியே வருகிற ஆரம்பம், முழுக்க ஃபின்னிஷ் மொழி. முதல் பாதி கரடுமுரடான ராப், இரண்டாம் பாதியில் திடீரென்று இனிப்பான பாப். ஒரு குழு மேசையில் உட்கார்ந்து "ஐரோப்பாவுக்கு எது பிடிக்கும்" என்று யோசித்திருந்தால் இந்தப் பாட்டு பிறந்தே இருக்காது. லிவர்பூலில் அரங்கமே அவர் பாட்டைக் கத்திக்கொண்டிருந்தது. மக்கள் வாக்கு 376. ஜூரி 150. ஸ்வீடன் பாடகி லோரீனுக்கு ஜூரி 340 கொடுத்ததால் ஸ்வீடன் ஜெயித்தது.

---

பேர்ண் வாசகி (சுவிஸ்)

லோரீன் ஜூரியால் மட்டும் வென்றார் என்று எழுதாதீர்கள். சனத்தின் வாக்கிலும் அவருக்கு 243 புள்ளி, இரண்டாம் இடம். இரண்டு பக்கமும் பிடித்த பாட்டு அது. சனத்தின் முதலிடம் கேரியா, ஜூரியின் முதலிடம் லோரீன், மொத்தத்தில் முதலிடம் லோரீன். இதில் என்ன அநியாயம்?

முன்தெரிவைப் பற்றிக் குமரன் சொன்னது சரி. அதனால்தான் எங்கள் 100 பேர் குழுவை நான் மதிக்கிறேன். அவர்கள் கடைசியாக நிற்கிற ஆறு பாட்டை மட்டும் கேட்பதில்லை, முதலில் இருந்தே கேட்கிறார்கள்.

சனம் நேரடியாகத் தெரிவு செய்து முடித்த பிறகு என்னவெல்லாம் நடக்கலாம் என்பதற்கு உக்ரைனைப் பாருங்கள். 2019-இல் மாருவ் வென்றார். ஒளிபரப்பு நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் ஒத்துவரவில்லை, ரஷ்யாவில் கச்சேரி செய்வதுதான் பிரச்சினையின் மையம். அவர் விலகினார். அடுத்த இடங்களில் வந்தவர்களும் போகமாட்டோம் என்றார்கள். உக்ரைன் அந்த வருடம் போகவே இல்லை. 2022-இல் வென்ற அலீனா பாஷும் கிரிமியாப் பயணச் சர்ச்சையில் விலகினார். இரண்டாவதாக வந்த கலூஷ் ஓர்கெஸ்ட்ரா போய் 631 புள்ளியோடு வென்றது.

---

வடதுருவம் (ஒஸ்லோ)

அக்கா, உக்ரைன் கதை சனத்தின் பிழை இல்லையே. அது போரும் அரசியலும்.

லோரீன் பெயர் வந்தபடியால் சுவீடனைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கத்து நாட்டுக்காரனாக இதைச் சொல்ல மனம் வராது, ஆனாலும் மெலோடிஃபெஸ்டிவாலன் மாதிரி ஒரு தேசியத் தெரிவு வேறெங்கும் இல்லை. 2002-இல் இருந்து கிழமைக்கு ஒரு ஊர் என்று நாடு முழுக்கச் சுற்றுகிறார்கள். சின்னப் பிள்ளைகள் செயலியில் வாக்குப் போடுவார்கள், வயதுக் குழு வாரியாக வாக்கைப் பிரித்து எண்ணுவார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பிடித்ததும் எழுபத்தைந்து வயதுக்காரருக்குப் பிடித்ததும் தனித்தனியாகத் தெரியும். லோரீன்கூட 2011-இல் இறுதிக்கு வரமுடியாமல் தோற்றவர்தான். அடுத்த வருடம் திரும்பி வந்தார், பாகூவில் வென்றார். தோற்றவர் திரும்பி வரக்கூடிய ஒரு வீடு இருக்கவேண்டும். உள்தெரிவில் அது கிடையாது. ஒருமுறை கூப்பிடுவார்கள், சரிவராவிட்டால் பிறகு கூப்பிடமாட்டார்கள்.

---

நள்ளிரவு ரசிகன் (மதுரை)

வடதுருவம், அபா குழுவே அப்படித்தானே! 1973-இல் "ரிங் ரிங்" பாட்டோடு ஸ்வீடனின் தேர்வுக்கு வந்தார்கள். அன்றைக்கு முடிவு நிபுணர் ஜூரி கையில் இருந்தது. மூன்றாம் இடம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருடம் நிபுணர்களை எடுத்துவிட்டு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஜூரி வைத்தார்கள். "வாட்டர்லூ" பிரைட்டனுக்குப் போய் யூரோவிஷனையே ஜெயித்தது. மிச்சம் எல்லாருக்கும் தெரியும்.

2025-இல் அதே ஸ்வீடனில் நடந்ததுதான் எனக்குக் கடந்த பத்து வருடத்தில் மிகப் பிடித்த தேர்வு. 2015-இல் யூரோவிஷனையே வென்ற மோன்ஸ் செல்மர்லோவ் மறுபடி வந்திருந்தார். பளபளப்பான மேடை, பழக்கமான ஸ்வீடிஷ் பாப். எதிரே காய் என்கிற மூன்று பேர். ஃபின்லாந்தில் ஸ்வீடிஷ் பேசுகிற வோரோ என்ற சின்ன ஊர்க்காரர்கள். சவுனா என்கிற நீராவிக் குளியலைப் பற்றித் தங்கள் வட்டார வழக்கிலேயே ஒரு பாட்டு. மேடையில் மரத்தடுப்பு, துண்டு கட்டிய ஆட்டக்காரர்கள், நீராவி. ஸ்வீடன் காயைத் தேர்ந்தெடுத்தது. 1998-க்குப் பிறகு ஸ்வீடன் அனுப்பிய முதல் ஸ்வீடிஷ் மொழிப் பாட்டு அது. பாசெலில் நாலாம் இடம். ஜெயிக்கும் என்று பந்தயக்காரர்கள் எதிர்பார்த்ததற்கு அது குறைவுதான். ஆனால் ஆங்கிலத்தில் சர்வதேச பாப் செய்து அடுத்த நாடுகளுக்கும் எழுதிக் கொடுக்கிற ஒரு நாடு, தன் பக்கத்து ஊர்க் குளியலறைப் பாட்டை அவ்வளவு ஆசையாகத் தூக்கிக் கொண்டாடியதே, அதுதான் எனக்குப் பெரிசு.

---

ஹரோ தமிழ் (இலண்டன்)

ரசிகன், இத்தாலியில் எல்லாம் மக்கள் விருப்பம்தான் என்று படிப்பவர்கள் நினைத்துவிடக் கூடாது. சான்ரெமோ 2024 கடைசிச் சுற்றில் நேப்பிள்ஸ்காரர் ஜெயோலியர் மக்கள் வாக்கில் 60 சதவீதம் வாங்கினார். பத்திரிகையாளர்களும் வானொலிக்காரர்களும் சேர்ந்து ஆஞ்செலினா மாங்கோவை முன்னால் கொண்டுவந்தார்கள். மால்மோவில் ஏழாம் இடம். இதில் உங்கள் பதில் என்ன?

---

நள்ளிரவு ரசிகன் (மதுரை)

ஜெயோலியரின் ஊரே திரண்டு அவருக்கு ஓட்டுப் போட்டது, அதை மதிக்கிறேன். அந்த வருடம் அவர்தான் போயிருக்க வேண்டும் என்பதே என் பதில். நேப்பிள்ஸ் வழக்கில் ராப்! ஐரோப்பா அதை எப்படிக் கேட்டிருக்கும் என்று பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை இருந்தது. ஆனால் ஒன்று: இத்தாலியில் ஜூரி தேர்ந்தெடுத்தாலும், மக்கள் தேர்ந்தெடுத்தாலும், முப்பது பாட்டும் இத்தாலியர்களுக்காக எழுதப்பட்டவை. யார் ஜெயித்தாலும் அது இத்தாலியின் பாட்டுதான். குமரன் சொன்ன முன்தேர்வு அங்கே பயந்து நடப்பதில்லை.

ஒளிபரப்பு நிறுவனங்களிடம் என் கோரிக்கை சின்னது. முன்தேர்வில் யார் உட்கார்ந்தார்கள், எத்தனை பாட்டு வந்தது, எதை வைத்து ஒதுக்கினார்கள் என்பதை வெளியே சொல்லுங்கள். மக்கள் பணத்தில் நடக்கிற பொது நிறுவனங்கள் இவை.

---

டோர்ட்முண்ட் குமரன் (ஜேர்மனி)

இதற்கு நூறு கையெழுத்துப் போடுவேன்.

2026-இல் ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, சுலோவேனியா, ஐஸ்லாந்து ஐந்தும் இஸ்ரேலின் பங்கேற்பை எதிர்த்து வியன்னாவுக்கு வரவில்லை. அந்த அரசியலை இங்கே இழுக்கவில்லை. ஆனால் ஸ்பெயின் யூரோவிஷனுக்குப் போகாமலே பெனிடோர்ம் ஃபெஸ்டை நடத்துகிறது. 2022-இல் அடிபட்டுத் தொடங்கின விழா, நாலு வருடத்தில் தன் காலில் நிற்கிற அளவுக்கு வந்துவிட்டது. தேசியத் தெரிவு மே மாதத்துக்கான வெறும் படிக்கட்டு இல்லை என்று ரசிகன் சொல்வதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

---

பேர்ண் வாசகி (சுவிஸ்)

பெனிடோர்ம் தொடர்வது எனக்கும் சந்தோசம்தான். அந்தச் சனம் தன்ஷுகெய்ராஸுக்காகப் போட்ட சண்டைதான் அந்த விழாவை வாழவைத்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சுவிஸ் பழைய முறைக்குத் திரும்பக்கூடாது. நாலு மொழி பேசுகிற நாட்டில் நேரடி வாக்கெடுப்பு வைத்தால் ஜெர்மன் பேசுகிற பக்கத்தின் எண்ணிக்கையே எப்போதும் வெல்லும். சோயி மீயின் பிரெஞ்சுப் பாட்டு மேடைக்கு வந்திருக்காது. குழுவை 100-இல் இருந்து 1,000 ஆக்கட்டும், மொழிவாரியாக ஆட்களை எடுக்கட்டும். அதற்கு நான் தயார்.

---

புதுப்பாட்டு (கோவை)

நேற்று ராத்திரி நீங்கள் சொன்ன பாட்டையெல்லாம் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். கெய்னோ, லேனா, கோர்சி, காய். கேரியாவை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 2023-இல் நான் இருந்திருந்தால் என் ஓட்டு மொத்தமும் அவருக்குத்தான். இந்த சீசனில் எந்த நாட்டின் தேர்விலிருந்து ஆரம்பிக்கலாம்?

---

நள்ளிரவு ரசிகன் (மதுரை)

ஃபின்லாந்திலிருந்து ஆரம்பியுங்கள். பாட்டு குறைவு, ஒரே இரவில் முடிந்துவிடும், நம் நேரத்துக்கு ராத்திரி பன்னிரண்டரை வாக்கில் தொடங்கும். அப்புறம் சான்ரெமோ. ஐந்து இரவும் பார்க்க முடியாவிட்டால் பழைய பாட்டுகளை ஜோடியாகப் பாடுகிற இரவை மட்டுமாவது விடாதீர்கள். அது முடிந்ததும் போர்ச்சுகல். 2017-இல் சல்வதோர் சோப்ரால் 758 புள்ளியோடு ஜெயித்ததை முதலில் பாருங்கள். அக்கா எழுதிய பாட்டு, ஆட்டமில்லை, தீப்பொறியில்லை, ஜெயித்த பிறகு அக்காவும் தம்பியும் மேடையில் மாறி மாறிப் பாடுவார்கள். ஐரோப்பாவுக்கு எது பிடிக்கும் என்று யோசித்த எவரும் அந்தப் பாட்டை அனுப்பியிருக்க மாட்டார்கள்.

---

பேர்ண் வாசகி (சுவிஸ்)

தம்பி, கேரியாவை அத்தனை தரம் பார்த்தனீர்கள், நல்லது. லோரீனின் 2023 மேடையைக் கைபேசியில் பார்க்காமல் பெரிய திரையில் ஒருமுறை வடிவாகப் பாருங்கள். இரண்டு பெரிய பலகைக்கு நடுவில் படுத்துக்கொண்டு தொடங்கி, அந்தக் குரல் மேலே போகிற வரைக்கும் பார்த்துவிட்டு வாருங்கள். பிறகு கதைப்போம்.